கையிலிருந்து கட்டுகிற குடும்பம்

மோட்டார்க்காரரின் பட்டறையில் இரண்டு வரிசை உண்டு. வாசலை ஒட்டிய வரிசை காசோடு வந்தவர்களுக்கு. பின்சுவரை ஒட்டியது, "கம்பெனி கட்டிடும், பில்லை அனுப்பிடுங்க" என்று இறக்கிவிட்டுப் போனவர்களுக்கு. முன்வரிசை மோட்டாரை அன்றைக்கே பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி, புதுச் சுருள் சுற்றி, வார்னிஷ் விட்டுக் காயவைத்துவிடுவார். பின்வரிசை மோட்டார் மேல் பூனை படுத்துத் தூங்கும். கேட்டால், "கம்பெனிக் காசு வர்ற வேகத்துலதான் கம்பெனி வேலையும் நடக்கும்" என்பார். பில்லைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, மேலதிகாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு வந்த ஞானம் அது.

எல்லா இடத்திலும் இப்படி இரண்டு வரிசை இருக்கும் என்பது அவர் தீர்மானம். ஆஸ்பத்திரி மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

அன்று காலை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு தண்ணீர் மோட்டாரின் மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது. துணி உலர்த்தப் போன மனைவி, ஈரச்சேலை ஒன்றைத் தோளில் போட்டபடியே பட்டறைக்குள் வந்து, கவிழ்ந்து கிடந்த மோட்டார்க் கூட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நெஞ்சு மேல உங்க பெரிய மோட்டாரைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

நிமிர்ந்து பார்த்தார். அவள் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெயில் வேர்வை அல்ல அது. திருப்புளியை வைத்துவிட்டு எழுந்தார்.

"நட, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சட்டையை மாத்துங்க முதல்ல. கிரீஸ் கறையோட வந்தா ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"உனக்கு நெஞ்சு வலிக்குதா, இல்லை சட்டை வலிக்குதா?"

"ரெண்டும்தான். மாத்திக்கிட்டு வாங்க."

மாற்றிக்கொண்டுதான் வந்தார். அலுவலகத்துக்குப் போயிருந்த மருமகளுக்கு ஆட்டோவிலிருந்தே போன் செய்தார். மகன் தொலைதூரத்தில் பாலம் கட்டுகிற இடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தான். ஒரு எட்டில் வந்துவிட முடியாது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் இரண்டு பேர் சக்கரக் கட்டிலோடு ஓடி வந்தார்கள். மனைவியைக் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே போகப் பார்த்தவரை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"தாத்தா, இங்க வாங்க. பேரு, வயசு சொல்லுங்க."

"எனக்கு இன்னும் பேரப்பிள்ளை பிறக்கலைம்மா. ஐயான்னு சொல்லு."

"சரிங்க ஐயா. இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கா?"

இருந்தது. மருமகள் வேலை பார்க்கிற கம்பெனி கொடுத்தது. அவர் பேரும் மனைவி பேரும் போட்ட இரண்டு அட்டைகளை அவள் கொண்டுவந்து நீட்டியபோது, வாங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தவர் அவர்தான். அட்டை மனக்கண்ணில் தெரிந்தது. அதற்குப் பின்னாலேயே பட்டறையின் பின்சுவரும், மோட்டார் மேல் தூங்குகிற பூனையும் தெரிந்தன.

"அதெல்லாம் இல்லை" என்றார் நிமிர்ந்து. "கையிலிருந்து கட்டுகிற குடும்பம் எங்களுது. சட்டுனு வேலையை ஆரம்பிக்கச் சொல்லு."

"ஆரம்பிச்சாச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் தட்டச்சு செய்தாள். பிறகு முன்பணம் கேட்டாள்.

"பிரிச்சுப் பார்க்கும் முன்னாடியேவா?"

"என்னதுங்க?"

"ஒண்ணுமில்லை." சட்டைப்பைக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். பட்டறையில் அவர் மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. இவர்கள் தொழில் வேறு மாதிரி இருந்தது. எப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவருக்கு, அந்தக் கலக்கத்திலும்.

உள்ளே மனைவியின் மூக்கில் குழாய், மார்பில் ஒட்டிய கம்பிகள், கையில் ஊசி. பக்கத்துக் கட்டிலில் பனியன் கம்பெனிச் சீருடை போட்ட ஒருவன் கிடந்தான். அவனுக்கும் அதே குழாய், அதே கம்பிகள், அதே ஓட்டம். மோட்டார்க்காரருக்கு அது விளங்கவில்லை. இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவருக்கு இன்சூரன்ஸா, கையிலிருந்து கட்டுறவரா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? எங்களுக்கு அவரு நெஞ்சு வலி, இவங்களும் நெஞ்சு வலி. மத்தது எல்லாம் வெளியில."

"அப்போ யாரை முதல்ல பார்ப்பீங்க?"

"யாருக்கு மோசமா இருக்கோ அவங்களை."

மனைவி குழாய்க்கு அடியிலிருந்து பேசினாள். "என்ன விசாரணை? இங்கேயும் வரிசை தேடுறீங்களா?"

அவருக்கு, தான் சொன்ன பொய்யால் ஒரு நொடிகூட மிச்சமாகவில்லை என்பது உறைத்தது.

டாக்டர் வந்தார். சின்ன வயசு, ஆனால் பேச்சில் அவசரம் இல்லை. இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்றில் அடைப்பு, இப்போதே சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்.

"அடைச்சிருக்கிறதை எடுத்து என்கிட்ட குடுத்துடுவீங்களா?" என்று கேட்டார் மோட்டார்க்காரர். உருவிய பழைய கம்பியை மோட்டார் உடையவர் கையில் ஒப்படைக்காமல் அவர் பட்டறையில் எந்த வேலையும் முடிந்ததில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "எடுக்கிறதில்லைங்க. ஓரமா அழுத்தித் தள்ளிட்டு, மறுபடி மூடாம இருக்க உள்ளே கம்பிவலை மாதிரி ஒரு சுருள் வச்சிடுவோம்."

"சுருளா? என்ன கம்பி, செம்பா?"

"கோபால்ட் கலந்த உலோகம்."

"சூட்டுக்கு இளகாதா?"

"அப்படியே கேரண்டி கார்டும் கேட்டு வாங்கிக்கோங்க" என்றாள் மனைவி. அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கையை நீட்டினாள். அத்தனை பேர் முன்னால் அவர் அந்தக் கையைப் பிடித்தார். கதவு வரைக்கும் விடவில்லை.

கதவைச் சாத்தியதும் ஒருவர் வந்து தோராயச் செலவு எழுதிய தாளைக் கொடுத்தார். மோட்டார்க்காரர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். பட்டறையை விற்றால் கட்டலாம். விற்ற பிறகு எங்கே உட்கார்ந்து கம்பி சுற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

கையிலிருந்து கட்டுகிற குடும்பம் என்று சொன்னது ஒன்றும் சும்மா சொன்னதல்ல. அவர் அப்பாவுக்கும் கடன் இல்லை, அவருக்கும் இல்லை. மகன் கல்யாணச் செலவு முழுவதும் அவருடையது. அவர் வீட்டுக் காரியத்துக்கு வேறொருவர் பையிலிருந்து காசு வந்தது என்ற பேச்சு அதுவரை எழுந்ததில்லை. அந்தப் பேர் இன்றைக்கு இந்தத் தாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மருமகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"அத்தை எங்க மாமா?"

"உள்ளே. சுருள் வைக்கிறாங்க."

அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். "கேஷ்னு போட்டிருக்கு? கார்டு குடுக்கலையா?"

"குடுக்கலை."

அப்படியே அவரை அழைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர். மருமகள் தன் போனிலிருந்து அட்டை எண்ணைச் சொன்னாள்.

"கேஷ்னு பதிவாயிருக்கே. மாத்தலாம். ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க கேப்பாங்க. 'இன்சூரன்ஸ் இருக்கிறது தெரியாம இல்லைன்னு சொல்லிட்டேன்'னு பெரியவர் ஒரு கடிதம் எழுதிக் குடுக்கட்டும்."

"எழுத மாட்டேன்" என்றார் மோட்டார்க்காரர்.

"மாமா..."

"தெரியாதுன்னு எப்படி எழுதுறது? தெரியும். தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னேன். காசு கட்டுறவங்களை முதல்ல கவனிப்பாங்கன்னு நினைச்சேன். ஒரு பொய் சொன்னது போதும், அதை மறைக்க இன்னொண்ணு எழுதணுமா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இந்தக் காரணத்தை நான் கேட்டதே இல்லை. சரி, பதற்றத்துல சொல்லிட்டேன்னு எழுதுங்க."

"நான் எங்க பதறினேன்?"

"அத்தைக்கு நெஞ்சு வலி, மாமா" என்றாள் மருமகள் மெதுவாக. "நீங்க பதறலையா?"

அவர் அவளைப் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்திருந்த தன் உள்ளங்கை இன்னும் ஈரமாகவே இருந்தது. பேனாவை வாங்கி, பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மருமகள் அதை நகல் எடுக்கப் போனாள். கண்ணாடிக்காரர் தட்டச்சு செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"குடுத்து வச்சவருங்க நீங்க. மாமனார் மாமியாரைப் போட்டிருக்கு இந்தப் பொண்ணு. இப்படி அபூர்வமாத்தான் வரும்."

"ஏன், வேற யாரைப் போடுவாங்க?"

"பெத்தவங்களைத்தான். இந்த மாதிரிக் கம்பெனிப் பாலிசியில ஒரு பக்கம்தானே போட முடியும்? பெத்தவங்களா, கட்டினவனைப் பெத்தவங்களா, ஏதாவது ஒண்ணு."

"ரெண்டு பக்கமும் போட முடியாதா?"

"முடியாதுங்க."

மோட்டார்க்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். போன மழைக்காலத்தில் மருமகளின் அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். அவர் தையல்காரர், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். தன்னிடமிருந்த இரண்டு தையல் மெஷினில் ஒன்றை விற்று ஆபரேஷன் செய்துகொண்டார். அந்தச் செய்தி வந்த மதியம், சாப்பிட்டுக்கொண்டே மோட்டார்க்காரர் சொன்னார்: "பொண்ணு பெரிய கம்பெனியில வேலை. அப்பன் மெஷினை வித்து வைத்தியம் பார்க்கிறாரு. குடும்பம் நடத்துற லட்சணம்." பரிமாறிக்கொண்டிருந்த மருமகள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான் நடந்தது. அவரும் கை கழுவிவிட்டு எழுந்தார்.

மருமகள் திரும்பி வந்தாள்.

"ஒரு பக்கம்தான் போட முடியும்னு ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவள் கண்ணாடிக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லி என்ன மாமா ஆகப்போகுது?"

"அன்னைக்கு நான் பேசினப்போ சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "அடுத்த தடவை மாத்திடு. உன் அப்பா அம்மா பேரைப் போடு. இவளுக்கு நான் வெளியில தனியா எடுத்துக்கிறேன்."

"இனிமே முடியாது மாமா. வெளியில அத்தையைச் சேர்க்கவே யோசிப்பாங்க. சேர்த்தாலும் இந்த வியாதிக்கு வருஷக்கணக்குல காத்திருக்கச் சொல்வாங்க. இதிலிருந்து எடுத்தோம்னா அவங்க வெறுங்கையா நிப்பாங்க."

"அப்போ உங்க அப்பா?"

"அவருதான் உங்க பேரைப் போடச் சொன்னாரு" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே வேலை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, மோட்டார்க்காரர் கைகூப்பினார். மனைவியைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிய பயம் விலகின இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர் ஏன் அப்படிச் சொன்னார்? தன் வயிற்றைக் கிழிக்க மெஷினை விற்கிறவர், அடுத்த வீட்டுக்காரன் நெஞ்சுக்குக் காவல் போடுவானேன்? என்ன எதிர்பார்த்தார்? மோட்டார் ஓடாவிட்டால் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிற புத்தி அவருக்கு. விடுமா?

தையல்காரர் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"கழட்டக்கூட மறந்துட்டேன் சம்பந்தி. பஸ்ஸுல ஒருத்தன், 'சட்டை தைக்க எவ்வளவு'ன்னு கேட்டுட்டான். தங்கச்சி எப்படி இருக்கு?"

"தூங்குறா. உட்காருங்க. ஒண்ணு கேக்கணும்."

"ஒரு வாய் டீ சாப்பிட்டுட்டுப் பேசலாமே. உங்க முகமே வாடிக் கிடக்கு."

"டீ இருக்கட்டும். இன்சூரன்ஸுல எங்க பேரைப் போடச் சொன்னது நீங்களா?"

தையல்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூண் பக்கம் நகர்ந்து போனை ஆராய ஆரம்பித்திருந்தாள்.

"ஆமா" என்றார்.

"ஏன்?"

"அதுக்கெல்லாம் ஏன்னு இருக்கா? அவ உங்க வீட்டுல இருக்கா."

"நேரா பதில் சொல்லுங்க சம்பந்தி. உங்களுக்கு உடம்பு வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"அப்படி நினைச்சுத்தான் இருந்தேன். ஒல்லியா இருக்கிறவனுக்கு ஒண்ணும் வராதுன்னு. கல்லுக்கு அது தெரியலை." சிரித்துப் பார்த்தார். எதிரில் இருந்தவர் சிரிக்காததால் தானும் நிறுத்திக்கொண்டார். நாடாவைக் கழற்றி விரலில் சுற்றலானார். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"கல்யாணத்துல நீங்க ஒண்ணுமே வேணாம்னுட்டீங்க. சாப்பாடு, மண்டபம், துணி எல்லாம் நீங்களே. நான் பாதி போடுறேன்னேன், விடலை. பூ மாலைக்காவது குடுக்கிறேன்னேன். என் கையைத் தட்டி விட்டுட்டு, 'வச்சுக்கோங்க, பின்னாடி உங்களுக்கு ஆகும்'னீங்க. எல்லார் முன்னாடியும்."

"பெரிசா நினைச்சு ஒண்ணும் சொல்லலை நான்."

"பெருந்தன்மையாத்தான் சொன்னீங்க. பார்த்தவங்க எல்லாம் உங்களை மெச்சினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். ஆனா சம்பந்தி, பொண்ணைப் பெத்தவன் வெறுங்கையோட பந்தியில உட்கார்ந்தா சோறு இறங்குமா? உங்களுக்கு இருக்கிற அதே முதுகெலும்புதான எனக்கும்? கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான்."

மோட்டார்க்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் அவ வந்து, 'ஒரு பக்கம்தான் போடலாமாம், உங்க பேரைப் போடட்டுமாப்பா'ன்னு கேட்டா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் பேரு வேணாம், சம்பந்தி பேரைப் போடுன்னேன். இதை வேணாம்னு சம்பந்தி கையைத் தட்ட முடியாது, இது என்னால வந்ததுன்னு அவருக்குத் தெரியவே போறதில்லைன்னேன். நான் ஒண்ணும் தியாகி இல்லைங்க. என் மனசு ஆறுறதுக்குச் செஞ்சது."

"மெஷினை வித்தப்போ?"

"அன்னைக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு" என்றார் தையல்காரர். "பொய் சொல்வானேன். நல்ல மெஷின்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மோட்டார்க்காரர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புதல் அனுப்பிவிட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கொஞ்சம் மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு?" என்று மோட்டார்க்காரர் கேட்டார்.

"கையுறை, பஞ்சு, நோயாளி உடுப்பு. இதெல்லாம் பாலிசியில வராதுங்க."

"கையுறை போடாம எப்படி வைத்தியம் பண்ணுவாங்க?"

"பண்ண மாட்டாங்க."

"அப்போ வைத்தியத்துக்குக் காசு உண்டு, வைத்தியம் பண்ற கைக்குக் கிடையாது."

"இதை நான் யார்கிட்டயாவது சொல்லிப் பார்க்கிறேன்" என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க இப்போ போய்க் கட்டிடுங்க."

பணம் கட்டுகிற இடத்தில் அவர் முன்னால் நின்றார். பின்னால் தையல்காரர், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரில் ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இது நமக்கான இடமில்லை என்று முன்பே கற்றுக்கொண்டவர் நிற்கிற நிற்பு அது.

"பணம் கட்டுறவர் பேரு சொல்லுங்க. ரசீதுல போடணும்" என்றாள் உள்ளே இருந்தவள்.

மோட்டார்க்காரரின் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. ரூபாய்த் தாள்கள் விரலில் பட்டன. எடுக்காமல் கையை வெளியே இழுத்துக்கொண்டு, ஒதுங்கி வழி விட்டார்.

"இவரு பேரைப் போடும்மா. இவருதான் கட்டுறாரு."

தையல்காரருக்குத் தன்னைத்தான் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துணிப்பையைக் கீழே வைத்தார். தானே தைத்த கால்சட்டையில் தானே தைத்த உள்பையிலிருந்து மடித்த பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணினார். முகம் மெல்ல வாடியது.

"சம்பந்தி... கொஞ்சம் குறையுது."

பரவாயில்லை, நானே போட்டுக்கிறேன் என்கிற வார்த்தை மோட்டார்க்காரரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"எவ்வளவு?"

சொன்னார். மோட்டார்க்காரர் அதை மட்டும் எண்ணி அவர் கையில் வைத்தார். "கடனாத்தான் தர்றேன்."

"கடன்தான். சீருடைக் காசு வந்ததும் திருப்பித் தந்துடுறேன்."

"நானே கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

கல்யாணம் முடிந்து இத்தனை காலத்தில் அவர் அந்தக் கடையில் கால் வைத்ததில்லை. தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்தீங்கன்னா அளவு எடுக்காம விடமாட்டேன். சட்டையா இது? தோள் ரெண்டும் கீழே தொங்குது."

"கூலியைச் சொல்லிட்டுத்தான் தைக்கணும்."

"கடன்ல கழிச்சுக்கலாம்."

"கடன் வேற, கூலி வேற."

தையல்காரர் பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, நெஞ்சுப் பக்கப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருந்தது. சக்கர நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்க, மருமகள் பின்னால் நின்று கூந்தலைப் பின்னி விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதே பெண் யாரிடமோ பேர், வயசு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதாங்க?" என்றாள் மனைவி. "எவ்வளவு ஆச்சு? யாரு கட்டினது?"

பக்கத்தில் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். மோட்டார்க்காரர் நின்ற இடத்திலிருந்தே, அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"சம்பந்தி கட்டினாரு."